சுவர் வரைக்கும்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நானும் என் மகளும் கை கால் முழுதாக இருக்கிறோம். இப்போதைக்கு இந்த ஊரில் சௌக்கியம் என்றால் அவ்வளவுதான். உன் இருமல் விட்டதா?

கிளம்பி வா, கிளம்பி வா என்று மூன்று கடிதத்திலும் ஒரே பாட்டைப் பாடியிருக்கிறாய். நான் வந்துவிட்டால் குடிநீர் நிலையத்தில் மோட்டாரை யார் போடுவது? பொறியாளர் போன மாதமே குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். வால்வு திறப்பவர் சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். மிச்சம் நான் ஒருத்தி. இரண்டு மோட்டாரில் ஒன்று படுத்துவிட்டது. இன்னொன்றைத் தாஜா பண்ணி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காலையில் மூன்று மணி நேரம் மின்சாரம் வருகிறது. அதற்குள் வடக்குப் பகுதி முழுவதற்கும் ஒரு நாள் தண்ணீரை ஏற்றியாக வேண்டும்.

வீடுகளுக்குப் போகும் குழாய்களெல்லாம் உடைந்து கிடப்பதால் நான்கு தெருமுனைகளில் தொட்டி வைத்துப் பிரித்து விடுகிறேன். கூட்டம் ஓரிடத்தில் சேரக் கூடாது. போன வாரம் சந்தையில் விழுந்தது ஒரே ஒரு குண்டு. விழுந்த இடத்தில் இருப்பவர்கள்தான் சாவார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணின் கழுத்தில் இரும்புத் துண்டு ஏறியிருக்கிறது. அவளுக்கும் சந்தைக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு வருகிற ஆத்திரத்தை எழுதினால் தாள் போதாது.

பள்ளிக்கூடம் மூடியதிலிருந்து உன் மருமகள்தான் தொட்டிகளில் வரிசையை ஒழுங்கு பண்ணுகிறாள். பதினாறு வயதுதான், ஆனால் அறுபது வயது ஆட்களை எல்லாம் பின்னால் போகச் சொல்லி விரட்டுகிறாள். நீ வைத்த ‘மேஸ்திரி’ என்ற பட்டப்பெயர் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டது.

இதை நிவாரண லாரி ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன். எப்போது வந்து சேருமோ. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. உன் மேலுள்ள கோபம்தான் போகவில்லை. அத்தான் இருந்திருந்தால் உன்னைக் குண்டுக்கட்டாகத் தூக்கி வண்டியில் ஏற்றியிருப்பார். நான் சொன்னால் நீ எங்கே கேட்கப் போகிறாய்!

சரி, வர மாட்டாய். அப்படியானால் நீ இருக்கும் இடத்தையாவது பத்திரப்படுத்தலாமே என்று அலைந்ததில் ஒரு வழி கிடைத்தது. தாக்கக் கூடாத இடங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், தண்ணீர் நிலையம் எல்லாம் அதில் வரும். நாம் வரைபடத்தோடு விண்ணப்பித்தால் அந்த அலுவலகம் சரிபார்த்து இரண்டு தரப்புப் படைகளுக்கும் அனுப்பிவிடும். அந்த இடத்தைச் சுட மாட்டோம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

வரைபடத்துக்கு நான் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. பதினெட்டு வருஷமாக நில அளவை அலுவலகத்தில் வேறென்ன செய்கிறேன்? உன் நிலையத்தின் நான்கு மூலைகளையும் எங்கள் அலுவலகத்துப் பழைய அளவைப் பதிவேட்டை வைத்து நானே குறித்து வரைந்தேன். ஒரு சாண் பிசகாது. சுவர் எங்கே முடிகிறதோ கோடும் அங்கே முடிகிறது. தெருவில் கொஞ்சம் சேர்த்து வரைந்துகொடு, அடுத்தவன் நிலத்தில் ஒரு முழம் தள்ளிப் போடு என்று கேட்டு வந்த எத்தனையோ பேரை விரட்டியவன் நான். அக்காவின் இடம் என்பதற்காகக் கை நீளுமா? படிவத்தில் ஒன்பது கட்டங்கள். ஏழாவது கட்டத்தில் ‘கூடுதல் சுற்றுத் தூரம்’ என்று கேட்டிருந்தார்கள். நமக்கு எதற்குக் கூடுதல் என்று குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

மேஸ்திரியிடம் சொல், மாமா ஒரு வேலையில் இறங்கினால் முடிக்காமல் விட மாட்டார் என்று.

கவனமாக இருங்கள்.

அன்புத் தம்பி


மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் நலம். உன் கடிதம் வயிற்றில் பால் வார்த்தது. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அன்று ஒரு வாய் ருசித்துச் சாப்பிட்டேன்.

உன் மருமகள் சும்மா இருப்பாளா? தொட்டியடியில் நின்று கடிதத்தை எல்லோருக்கும் உரக்கப் படித்துவிட்டாள். மறுநாள் காலையில் நிலையத்தின் வாசலில் ஐம்பது பேர் குடத்தோடு நிற்கிறார்கள். தொட்டிக்குப் போகச் சொன்னால் நகர மாட்டேன் என்கிறார்கள். பட்டியலில் இருக்கிற இடத்தை விட்டுவிட்டுத் தெருமுனையில் ஏன் நின்று சாக வேண்டும் என்று ஓவிய வாத்தியார் என்னையே மடக்கினார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு வாரம் இழுத்துப் பார்த்துவிட்டு, நான்கு தொட்டிகளையும் மூடி, வாசல் குழாயையே திறந்துவிட்டேன். இப்போது முந்நூறு பேர் சுவரை ஒட்டித் தெருக்கோடி வரை வரிசையாக நிற்கிறார்கள். எனக்கும் ஒரே வால்வோடு வேலை முடிகிறது.

உன் மருமகள் கீழே எழுதக் கொஞ்சம் இடம் விடச் சொல்கிறாள்.

உன் அக்கா

மாமா, மேஸ்திரி எழுதுகிறேன். ஊரில் உங்களுக்கு இப்போது அம்மாவைவிட மதிப்பு அதிகம். அம்மாவுக்கு அதில் லேசான எரிச்சல், வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஓவிய வாத்தியார் உங்களைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். வந்தால் வரிசையில்தான் நிற்க வேண்டும், சொந்தக்காரர் என்று முன்னால் விட மாட்டேன். உங்கள் கையெழுத்து என்ன இப்படிக் கோழி கிளறியதுபோல் இருக்கிறது? கோடு மட்டும் நேராக வருமோ?


மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கும் மேஸ்திரிக்கும்,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். நல்ல சேதி. பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். நம் நிலையத்தின் எண் 417. ஒப்புதல் கடிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். கிழிந்துவிடாமல் பத்திரமாக வை.

அலுவலகத்தில் எல்லோரும் வந்து கைகொடுத்தார்கள். மேலதிகாரி என் வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான கோட்டைப் பட்டியல் அலுவலகம் பார்த்தே இருக்காது என்றார். பதினெட்டு வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு.

விதிமுறைப் புத்தகம் தனியாக அனுப்புவார்களாம். வந்ததும் படித்துவிட்டு எழுதுகிறேன். கோழி கிளறியதைப் படிக்கத் தெரிந்தவளுக்கு மாமாவின் முத்தங்கள்.

அன்புத் தம்பி


மே 5

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. லாரி மூன்று முறை வந்து போய்விட்டது. ஓட்டுநர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், பாவம். கல்யாணம் கில்யாணம் ஏதும் செய்துகொண்டாயா? அப்படி இருந்தால் திட்ட மாட்டேன், எழுது.

இங்கே ஒரு கேள்வி வந்திருக்கிறது. வரிசையில் ஒரு தையல்காரி நிற்பாள். எட்டு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு குடம் தூக்குகிறவள். புருஷன் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அவள் அளந்துதான் பேசுவாள். நேற்று என்னிடம் வந்து, “அக்கா, உங்க தம்பி கட்டடத்துக்கு மட்டும் எழுதினாரா, நாங்க நிக்கிற தெருவுக்கும் சேத்து எழுதினாரா?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எல்லாம் சேர்த்துத்தான் இருக்கும் என்று உன் மருமகள் அடித்துச் சொல்கிறாள். நான் உன்னையே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுது. பழையபடி நான்கு தொட்டிக்கும் பிரித்துவிட எனக்கு ஒரு நாள் வேலை. வேறு எதையும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, இதற்குப் பதில் எழுது.

உன் அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. நலம்தான். இருமல் மறுபடி பிடித்துக்கொண்டது. அலுவலகத்தில் பழைய வரைபடங்களைப் புதிய அலமாரிக்கு மாற்றுகிறார்கள், அந்த வேலை முழுக்க என் தலையில் விழுந்துவிட்டது. கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை.

பட்டியல் விஷயம் நல்லபடியாகவே நடந்துகொண்டிருக்கிறது. படிவத்தில் ஒரு சின்னத் திருத்தம் கொடுத்திருக்கிறேன். வெறும் அலுவலகச் சம்பிரதாயம், நீ அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. எதற்கும், முடிந்தால், வரிசையைக் கொஞ்சம் சின்னதாக வைத்துக்கொள். வெயில் காலம் வேறு, இத்தனை பேர் நெருக்கிக்கொண்டு நிற்பது ஆரோக்கியத்துக்கும் நல்லதில்லை.

மேஸ்திரி படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள். அவளுக்கு ஒரு பேனா அனுப்பியிருக்கிறேன்.

அன்புத் தம்பி


ஜூன் 2

தம்பிக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதம் மே 24ஆம் தேதி வந்தது. நான் கேட்டதற்கு அதில் பதில் இல்லை. நீ இவ்வளவு சாவகாசமாக எழுதுகிறாய் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

27ஆம் தேதி காலை எட்டு மணிக்குக் குண்டு விழுந்தது. நிலையத்தின் மேல் அல்ல. வாசலுக்கு நாற்பது மீட்டர் தள்ளி, தெருவில். வரிசையின் நடுவில்.

பதினொரு பேர். காயம்பட்டவர்களை எண்ணவில்லை. எண்ணும் நிலையில் யாரும் இல்லை.

நிலையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் கண்ணாடி எல்லாம் போயிற்று. மின்பெட்டியின் கதவு கழன்று விழுந்தது. நானே மாட்டிவிட்டேன். மோட்டார் நிற்கக்கூட இல்லை. வெளியே மனிதர்கள் கிடக்கிறார்கள், குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. யாரோ ஓடிவந்து வால்வை மூடச் சொன்னபோதுதான் எனக்கு நினைவு வந்தது. தெருவைக் கழுவ அதே தண்ணீரை மறுபடி திறந்துவிட்டேன்.

உன் மருமகள் அப்போது சுவருக்கு உள்ளே இருந்தாள். நலம். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

நான்கு தொட்டிகளையும் கழுவித் திறந்துவிட்டேன். உன் அலுவலகத்தில் போய்க் கேள், 417 என்றால் என்ன அர்த்தம் என்று. நான் கேட்டதாகவே கேள்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் பிழைத்ததற்கு ஒரு பக்கம் அழுகிறேன், மறுபக்கம் உடம்பெல்லாம் எரிகிறது.

கடிதம் கிடைத்த அன்றே பட்டியல் அலுவலகத்துக்குப் போனேன். நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒருவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பதிவு செஞ்ச கட்டடத்துக்குச் சேதம் இல்லையே, அப்புறம் எதுக்குப் புகார்?” என்று கேட்டார். பதினொரு பேர் செத்திருக்கிறார்கள் என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. புகார்ப் படிவத்தை எடுத்து நீட்டினார். சுவர், கூரை, இயந்திரம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. மனிதர்களுக்குக் கட்டம் இல்லை. எங்கே எழுதுவது என்று கேட்டதற்கு, ‘பிற’ என்ற இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா, அந்த ஆளின் சட்டையைப் பிடித்துவிட்டேன். காவலர்கள் வந்து வெளியே தள்ளினார்கள்.

படைத் தரப்பிலிருந்தும் ஒரு பதில் வாங்கியிருக்கிறார்களாம். குண்டு விழுந்தது குறித்த எல்லைக்கு வெளியே, அந்த வகை ஆயுதத்துக்கு இவ்வளவு விலகல் சகஜம், வருந்துகிறோம் என்று மூன்று வரி. நான் விடப்போவதில்லை. மறுபடி மறுபடி எழுதுவேன்.

மேஸ்திரியை ஒரு வரி எழுதச் சொல். திட்டியாவது எழுதட்டும்.

அன்புத் தம்பி


ஜூலை 7

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறது. அதைப் பற்றி இனி விசாரிக்காதே.

அவர்கள் அனுப்பிய மூன்று வரியை மூன்று தடவை படித்தேன். விலகல் சகஜமாம். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நின்று சுடுகிறவனுக்குச் சுவர் எது, வரிசை எது, சைக்கிள் கடை எது என்று தெரியுமா? தெரியாது என்று தெரிந்துதானே சுடுகிறான்! விழுந்த இடத்திலிருந்து நாலா பக்கமும் இரும்பைத் துப்புகிற சாமானை வீடுகளுக்கு நடுவே போட்டுவிட்டு, கட்டடம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? இந்தக் கட்டடத்தை நாங்களா குடிக்கிறோம்?

உன் மருமகளை ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கிறாய். நலம் என்று நான் எழுதியது பொய்யில்லை. ஆனால் முழுக்க எழுதவும் இல்லை. எழுத எனக்குக் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அன்று முதலில் ஒரு குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. சத்தம் கேட்டதும் தையல்காரி வரிசையிலிருந்து விலகி வீட்டைப் பார்த்து நடந்தாள். உன் மருமகள் வாசலிலிருந்து அவளைக் கூப்பிட்டிருக்கிறாள். “எங்க போறீங்க, இதைவிட பத்திரமான இடம் ஏது? எங்க மாமா எழுதிக் கொடுத்திருக்காரு, இங்க விழாது. குழந்தைய என்கிட்ட குடுத்துட்டு நில்லுங்க.” அந்தப் பெண் திரும்பி வந்தாள். குழந்தையை இவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றாள். வீட்டைப் பார்த்து நகர்ந்த இன்னும் சிலரும் அதைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். குழந்தைக்கு வெயில் படுகிறதே என்று இவள் உள்ளே வந்தாள். நான் மோட்டார் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது அப்போது விழுந்தது.

குழந்தைக்கும் ஒரு கீறல் இல்லை. மாலையில் புருஷன் வந்து வாங்கிப் போகும்வரை இவள் அதைக் கீழே விடவில்லை.

அன்றிலிருந்து இவள் வாயைத் திறப்பதில்லை. விடிந்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு போய்ச் செத்தவர்கள் வீடுகளில் தண்ணீர் நிரப்பிவிட்டு வருகிறாள். யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாப்பாடு வைத்தால் பாதியில் எழுந்து போகிறாள். அவள் மேல் தப்பில்லை என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். என் வாய்தான் வலிக்கிறது.

ஒன்று கேட்கிறேன். மே மாதம் எழுதினாயே, ‘ஒரு சின்னத் திருத்தம்’ என்று. அது என்ன திருத்தம்? ஏன் வரிசையைச் சின்னதாக வைக்கச் சொன்னாய்? மழுப்பாமல் எழுது.

அக்கா


ஜூலை 26

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாயில்லை. நேராக எழுதுகிறேன்.

விதிமுறைப் புத்தகம் ஏப்ரல் 6ஆம் தேதியே வந்துவிட்டது. பதினாலாம் பக்கத்தில் போட்டிருந்தது. வரைந்த கோட்டுக்கு உள்ளே இருப்பது மட்டும்தான் கணக்கில் வரும். வெளியே மக்கள் கூடுகிற இடமாக இருந்தால் ஏழாவது கட்டத்தை நிரப்ப வேண்டும். முந்நூறு மீட்டர் வரை கேட்கலாம். நான் குறுக்கே கோடு இழுத்த கட்டம் அதுதான். கூடுதல் இடம் கேட்பவர்கள் எல்லாம் ஆக்கிரமிப்பாளர்கள் என்றே பார்த்துப் பழகிய கண் எனக்கு. அது மனிதர்கள் நிற்பதற்கான இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஏப்ரல் 9ஆம் தேதி திருத்தம் கேட்டு மனுக் கொடுத்தேன். இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ பயப்படுவாய், திருத்தம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொன்னேன். அது பொய். ஊரே என் பேரைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது என்று மேஸ்திரி எழுதியிருந்தாள். அலுவலகத்தில் கைகொடுத்திருந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் கிடைத்த அந்தப் பெருமையை இரண்டு மாதத்துக்குக்கூட இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. தையல்காரியின் கேள்வி வந்தபோதும் வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை, ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் போதும். வெயிலைப் பற்றி எழுதினேன்.

திருத்தம் ஜூன் 9ஆம் தேதி ஏற்கப்பட்டது. கடிதம் என் மேசையில்தான் கிடக்கிறது.

நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். மேஸ்திரியிடம் மட்டும் இதைக் காட்டாதே, அக்கா. அவள் என்னை வெறுத்துவிட்டால் தாங்க மாட்டேன்.

தம்பி


ஆகஸ்ட் 14

மாமாவுக்கு,

அம்மா நலம். நானும் நலம். கேட்காமலே சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அம்மா மோட்டார் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தாள். முடித்ததும் என் கையில் கொடுத்துவிட்டாள். காட்டாதே என்று நீங்கள் எழுதியிருந்த வரியையும் சேர்த்துத்தான் படித்தேன். அம்மா உங்களுக்கு எழுதப் போவதில்லையாம். அதனால் நான் எழுதுகிறேன்.

தாங்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சைக்கிள் கடைக்காரர் தினமும் தாங்குகிறார். நான் குடத்தை வைக்கும்போது ஓரமாக நகர்ந்துகொள்வார். குழந்தை என்னை அடையாளம் கண்டுகொண்டு கையை நீட்டுகிறது. நான் தூக்குவதில்லை. எனக்கும் தாங்கவில்லை மாமா, ஆனால் அதை யாரிடம் எழுதிக் காட்டுவது?

இரண்டரை மாதமாக நான்தான் அவர்களைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகும் அந்த நினைப்புப் போகவில்லை. ஆனால் எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நான் அவர்களைக் கூப்பிட்டபோது அது பொய் என்று எனக்குத் தெரியாது. நான் ‘எங்க மாமா’ என்று சொன்னபோது அந்தப் புத்தகம் உங்கள் மேசையில் ஏழு வாரமாகக் கிடந்திருக்கிறது. வெயில் காலமாம், நெருக்கிக்கொண்டு நிற்கக் கூடாதாம். அந்த வரியை மறுபடி படித்தபோது கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி ஒட்டிவைத்தேன், வேலை இருக்கிறது என்பதால்.

வேலை இதுதான். பட்டியல் அலுவலகத்துக்கு நீங்கள் இன்னும் எழுதிக்கொண்டே இருப்பீர்கள். எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்னால், செத்த பதினொரு பேரின் ஒன்பது வீடுகளுக்கும் ஒவ்வொரு கடிதம் எழுதுங்கள். எங்களுக்கு எழுதியதை அப்படியே எழுதுங்கள், ஏப்ரல் 6 என்ற தேதியோடு. வருந்துகிறோம் என்று எழுதாதீர்கள். அதை அவர்கள் எழுதிவிட்டார்கள்.

சைக்கிள் கடை. தையல்காரியின் புருஷன் பேருக்கு எழுத வேண்டும்.

ஓவிய வாத்தியார் வீடு, பள்ளிக்கூடத்துக்கு எதிர்ச் சந்து. அவருடைய தங்கை இருக்கிறார். கண் பார்வை குறைவு, பெரிய எழுத்தாக எழுதுங்கள்.

இரட்டையர் வீடு. மூத்தவன் போய்விட்டான். சின்னவன் என்னோடு படித்தவன். அவன் பேருக்கே எழுதுங்கள், அவன் அப்பா படிக்க மாட்டார்.

ரொட்டிக் கடைக்காரர் வீட்டில் அவரும் போய்விட்டார், மனைவியும் போய்விட்டார், மகனும் போய்விட்டான். அங்கே வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. இருந்தாலும் எழுதுங்கள், கதவிடுக்கில் போட்டுக்கொள்ளலாம்.

மற்ற ஐந்து வீடுகளையும் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சுட்டவனுக்கும் ஒன்று எழுதியிருப்பேன். அவன் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியும், நீங்கள்தான் ஒரு சாண் பிசகாமல் வரைந்து அனுப்பியிருக்கிறீர்களே.

அந்தக் கடிதங்களை லாரியில் அனுப்பக் கூடாது. நீங்களே எடுத்துக்கொண்டு வர வேண்டும். லாரி ஓட்டுநரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், மாதம் இரண்டு முறை வருகிறார், உங்களை ஏற்றிக்கொள்வார். எட்டு வீடுகளுக்கு நீங்கள் தனியாகப் போங்கள். நான் தெருமுனையில் நிற்பேன், துணைக்கு வர மாட்டேன். சைக்கிள் கடைக்கு மட்டும் நானும் உங்களோடு வருகிறேன். அங்கே முதலில் பேச வேண்டியவள் நான்.

உங்கள் மருமகள்